ஒல்லி டயரும் ஐந்து அரை மூட்டை ராகியும்

டயர் வெடித்தபோது காருக்குள் ஆறு பெண்கள் இருந்தார்கள்.

சூளகிரி இறக்கம். காலைப் பனி இன்னும் மாந்தோப்பை விட்டுக் கலையவில்லை. பின்பக்க இடது சக்கரத்தில் டொப்பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி அந்தக் கறுப்பு மஞ்சள் ஃபியட், இடுப்பில் அடி வாங்கிய மாடு மாதிரி ஒரு பக்கமாக இழுத்தது. எதிரே கிரானைட் கல் ஏற்றிய லாரி. பின் சீட்டில் நாலு பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

நாராயணம்மா அலறவில்லை. பிரேக்கையும் மிதிக்கவில்லை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, வண்டி இழுத்த பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வேகம் தானாக அடங்கட்டும் என்று விட்டாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரி தாண்டிப் போயிற்று. ஃபியட் ஒரு புளியமரத்துக்கு இந்தப் பக்கம், ஓரத்து மண்ணில் ஏறி நின்றது.

"எல்லாரும் முழுசா இருக்கீங்களாடி?"

"இருக்கோம்க்கா" என்றாள் முன் சீட்டில் இருந்த பவளம். "என் தூக்குச்சட்டிதேன் தொறந்துக்கிருச்சு. சால்னா பூராம் உங்க கியர் கம்பியில வடியுது."

பயம் போய்ச் சிரிப்பு வந்தது. குருபரப்பள்ளி ஹைவேயில் பரோட்டாக் கடை போட்டிருந்த விருதுநகர்க் குடும்பத்துப் பெண் பவளம். மற்ற நாலு பேரும் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். இரண்டு வருஷமாக அவர்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது நாராயணம்மாவின் பிழைப்பு. முதலில் அது அவள் புருஷன் ராமப்பனின் பிழைப்பாக இருந்தது. பகலில் டாக்சி, ராத்திரியில் பிரஸ் ஷாப் வேலை என்று அலைந்தவனின் இடது கையில் இரண்டு விரலை எண்பத்தாறில் மிஷின் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஃபியட்டின் கியர் கம்பி அவன் கைக்கு அடங்கவில்லை. அவன் அடுப்படிக்குப் போனான், அவள் ஸ்டீரிங்குக்கு வந்தாள்.

ஸ்டெப்னியை அவள் இறக்குவதற்குள் பின்னால் தங்கதுரையின் வேன் வந்து நின்றது. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். ஓசூரில் டயர் கடை. புதிதாக ஒரு வேன் வாங்கி, ஏற்ற ஆள் இல்லாமல் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏத்தா, யாருக்கும் அடி இல்லையே? பிள்ளேளா, ஏறுங்க ஏறுங்க. ஷிப்டுக்கு நேரமாவுதுல்லா? அக்கா மெதுவா டயர மாத்திட்டு வரட்டும்."

உதவிதான். அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் வேன் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தபோது கூடவே ஒரு கதையும் நுழைந்தது. சாப்பாட்டு வேளைக்குள் அது கைகால் முளைத்து கேன்டீன் முழுக்கச் சுற்றி வந்தது. பொம்பளை ஸ்டீரிங்கை விட்டுவிட்டாள், வண்டி மூன்று தடவை சுற்றியது, புளியமரம் மட்டும் இல்லையென்றால் அவ்வளவுதான்.

சாயங்காலம் பெண்களைக் கூப்பிடப் போனபோது வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான்.

"அம்மா, வர்ற திங்கக்கெழமையிலேர்ந்து உங்க வண்டிக்கு கேட் பாஸ் கெடையாதாம். ஆபீசர் சொல்லிட்டாரு. வேனுக்குத்தான் பாஸாம்."

பாஸ் இல்லாத வண்டி ஹைவேயிலேயே நிற்க வேண்டும். அங்கிருந்து கார்டு பஞ்ச் பண்ணும் இடம் வரைக்கும் நடந்தால் ஷிப்ட் தப்பிவிடும், அரை நாள் போய்விடும். அப்படி ஒரு வண்டியில் எந்தப் பெண் ஏறுவாள்? நாராயணம்மாவுக்கு அது வண்டியைத் தூக்கி மேட்டில் வை என்று சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டில் ராமப்பன் களி கிண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு கொதித்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் இருந்தே கத்தினாள்.

"ஏய்யா, இங்க வா. இதத் தொட்டுப் பாரு."

பின் மட்கார்டின் உள் மடிப்பை அவன் தொட்டுப் பார்த்தான். தகரம் புதுப் பாத்திரம் மாதிரி தேய்ந்து பளபளத்தது.

"பின்னால கிர்ருகிர்ருன்னு கேக்குதுன்னு ஒரு வாரமா சொன்னன். நீ என்னா சொன்ன? புது டயரு, அப்பிடித்தான் கேக்கும்ன. பொண்ணுங்க ஏறுனா வண்டி அமுங்குது. அமுங்குனா இந்தத் தடி டயரு மடிப்புல உரசுது. இன்னிக்கி அறுத்தே வுட்டுடுச்சு."

ராமப்பன் மடிப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அவளிடம் கேட்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாலு சக்கரத்தையும் ரிம்மோடு தங்கதுரை கடையில் கொடுத்துவிட்டு, அகலமான ரிம்மும் தடித்த டயருமாக மாற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான். கம்பெனி கொடுத்தது அஞ்சு இருபது சைஸ். சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக இருக்கும். இப்போது ஸ்டெப்னி மட்டும்தான் அந்த ஜாதியில் மிச்சம்.

"அகலமா இருந்தா ரோட்ட நல்லாப் புடிக்கும்னு தங்கதுரை சொன்னான்" என்றான் கடைசியில். "அவன் காரப் பாத்தியா? புலி குந்திக்கினு இருக்கற மாதிரி இருக்குது. நம்ம வண்டி நோஞ்சானாட்டம் நிக்குதேன்னு..."

"புலி மேல ஏறி யாரு ஷிப்டுக்குப் போறா?"

"எனக்குத்தான் ஓட்டற கை இல்லாம போச்சு. வண்டியாச்சும் கெம்பீரமா இருக்கட்டும்னு பாத்தன் நாராயணி."

அவள் கோபம் ஒரு படி இறங்கியது. ஆனால் தணியவில்லை. தட்டில் களியை உருட்டிப் போட்டான். அவள் நின்றபடியே தின்றாள்.

"நாளைக்கி போயி நம்ம சக்கரத்தக் கேக்கறன். வேற பேச்சு இல்ல."

தங்கதுரையின் கடையில் ஆபீசரே உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் போக்குவரத்து அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் ஓசூர் மோட்டார் கிளப்புக்குச் செயலாளர். கடைச் சுவரில், தங்கதுரை பெயரும் சேர்த்து எழுதிய கிளப் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஜூஜுவாடி பக்கம் காய்ந்து கிடந்த ஏரியில் ஞாயிறன்று ஆட்டோகிராஸ். வெறும் மண் தரையில் சுண்ணாம்பு பூசிய டிரம்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு கார். டிரம்மைத் தட்டாமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவருக்குக் கப்பு.

"ஒங்க வீலா?" தங்கதுரை உதட்டைப் பிதுக்கினான். "அத அன்னைக்கே குருபரப்பள்ளி கரியப்பனுக்குக் குடுத்தாச்சுல்லா. டயர் மாட்டு வண்டிக்கு வேணும்னு கொண்டுபோனாரு. ஏங்க்கா, நல்ல டயரக் குடுத்தா வேண்டாம்னு சொல்லுதிய? டயர்ல ஒரு கொறையும் இல்ல. ஓட்டுத கையிலதான்..."

நாராயணம்மா அவனை விட்டு ஆபீசர் பக்கம் திரும்பினாள்.

"சார், வண்டி எப்பிடி நின்னுச்சின்னு அந்தப் பொண்ணுங்களக் கேட்டீங்களா?"

"ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. லேடீஸ் உயிரோட விளையாட முடியாது. இட்ஸ் எ கொஸ்டின் ஆஃப் கன்ட்ரோல்."

"எனக்குக் கன்ட்ரோல் இல்லன்னு யாரு பாத்தாங்க? அந்த நோட்டீசுல எம்பேரையும் எழுதுங்க. உங்க கண்ணு முன்னாடி ஓட்டறன், நீங்களே பாருங்க."

ஆபீசர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "எழுதறேன். லேடீஸ் கிளாஸ் ஒண்ணு இருக்கு. மெதுவா ஒரு ரவுண்டு வந்தாப் போதும், எல்லாருக்கும் பரிசு உண்டு."

"அது வேணாம் சார். தங்கதுரை எதுல ஓட்டறாரோ அதுல எழுதுங்க."

தங்கதுரை கையிலிருந்த லீவரைக் கீழே வைத்தான்.

"அதுல டெய்லி ரோட்டுல ஓடற வண்டிதான் ஓடலாம்மா. டிரைவர் மட்டும்தான் உள்ள."

"தெனமும் ஓடற வண்டிதான். ஆனா தெனமும் அஞ்சு பொண்ணுங்க கனத்தோட ஓடற வண்டி. ஆளு ஏத்தக் கூடாதுன்னா சரி, மூட்டை ஏத்தலாமா?"

"மூட்டையா? எதுக்கு? வண்டி ஸ்லோவாயிடும்."

"ஆனா ஆவுட்டும். காலி வண்டிய யாரு வேணும்னாலும் திருப்புவான்."

ஆபீசர் பேனாவை எடுத்து நோட்டீஸில் அவள் பெயரை எழுதினார். "ரூல்ல ஒண்ணும் இல்ல. டைட்டா கட்டி எடுத்துட்டு வாங்க. ஆனா பாஸ் விஷயம் வேற, இது வேற. சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னத நான் கேட்டுக்கினன். நான் பண்றத நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. குருபரப்பள்ளியிலேயே கொட்டி, ஓசூர் பக்கம் சொட்டுக்கூட விழாத மழை. மறுநாள் மத்தியானம் அவளும் ராமப்பனும் கரியப்பனின் தக்காளிக் கொல்லைக்குப் போனபோது, அவருடைய டயர் மாட்டு வண்டி இரண்டில் ஒன்று சேற்றில் உட்கார்ந்திருந்தது. மேலே தக்காளிக் கூடைகள். கரியப்பன் மாட்டைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். தமிழில் அவ்வளவு திட்டு அவரிடம் கிடையாது.

"வாம்மா, நீயாச்சும் வந்து தள்ளு. இந்தச் சக்கரம் என் உசுர வாங்குது. சேத்துல வெச்சா அருவாளாட்டம் எறங்கிக்கினே போவுது. மார்க்கெட்டு முடியறதுக்குள்ள தக்காளி போயி சேருமா?"

நாராயணம்மா குனிந்து பார்த்தாள். அவளுடைய சக்கரங்கள்தான். ஒல்லி டயர் அச்சு வரைக்கும் புதைந்திருந்தது.

காலையில் பெண்களை விட்டுவிட்டு வருகிற வழியில் அவள் ஜூஜுவாடி ஏரிக்குப் போய் வந்திருந்தாள். மேலே இரண்டு விரற்கடை அளவுக்குப் பொடிமண். குதிகாலால் தோண்டினால் அடியில் ஓடு மாதிரி கெட்டியான களிமண்.

"ஏய்யா" என்றாள் ராமப்பனிடம். "இந்தக் கொல்லையில எறங்க எறங்க சேறுதான், அடியே கெடையாது. இங்க மெதக்கணும். அந்த ஏரியில பொடிக்குக் கீழ கெட்டி இருக்குது. அங்க எறங்கணும். தடி டயரு பொடி மேல வழுக்கிக்கினு போவும். இது அறுத்துக்கினு போயி கெட்டியப் புடிக்கும்."

ராமப்பன் தலையாட்டினான். "பொண்ணுங்க ஏறுனாலும் மடிப்புல முட்டாது."

"அதான் முக்கியம். ஞாயித்துக்கெழமைக்கு ஒரு டயரு, திங்கக்கெழமைக்கு ஒரு டயருன்னு மாட்ட நாம என்னா ஜமீனா?" கரியப்பனிடம் திரும்பினாள். "மாமா, இந்த நாலையும் எனக்குக் குடு. என் வண்டியில இருக்கற தடிச் சக்கரத்த நீ மாட்டிக்கோ."

"பேடம்மா, பேடா! வேணாம்!" கரியப்பன் இரண்டு கையையும் ஆட்டினார். "உங்க வூட்டுக்காரன் ஒரு தபா மாத்தி வெடிச்சது ஊருக்கே தெரியும். என் மாட்டுக்கும் வெடி வெக்கறியா?"

"வெடிச்சத நானே தெச்சு, சூடு வெச்சு ஒட்டித் தர்றன்" என்றான் ராமப்பன். "காருக்கு ஆவாது. மாடு நடக்கற வேகத்துக்கு பத்து வருசம் ஓடும்."

"ஒரு வண்டிக்கு மாட்டிப் பாரு மாமா. மெதக்கலன்னா நானே தோள் குடுத்துத் தள்றன்."

கரியப்பனின் வண்டிகள் பழைய ஃபியட் அச்சில் செய்தவை. போல்ட்டு அப்படியே பொருந்தியது. சேற்றில் கல்லை அடுக்கி, ஜாக்கி வைத்து, மூன்று பேரும் முழங்கால் வரை நனைந்து மாட்டி முடித்தார்கள். கரியப்பன் மாட்டின் வாலைத் தொட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, சேற்றின் மேல் அகலமாக ஒரு தடம் பதித்தபடி நகர்ந்தது. மாடுகளே நம்பாமல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தன.

"அடடடா!" என்றார் கரியப்பன். "இன்னும் என்னா வேணும் கேளுமா."

"அஞ்சு அரை மூட்டை ராகி. ஞாயித்துக்கெழமை சாயந்திரம் திருப்பித் தர்றன்."

"ராகி எதுக்கு?"

"பொண்ணுங்களுக்குப் பதிலா."

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் திருவிழா மாதிரி கூட்டம். ஆலைக்காரர்கள், பெங்களூர் பையன்களின் மாருதிகள், ஐஸ் வண்டி, வேர்க்கடலைக்காரன். ஆறு வண்டிக்குப் பிறகு பெயரைக் கூப்பிட்டதும் நாராயணம்மாவின் ஃபியட் ஒல்லிக் காலோடு வரிசைக்கு வந்தது. பின் சீட்டில் நாலு, முன் சீட்டில் ஒன்று, கயிறு போட்டு இறுக்கிய அரை மூட்டைகள். பவளம் கரிக்கட்டையால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் எழுதியிருந்தாள். முன் சீட்டு மூட்டைக்கு அவள் பெயரே.

"எக்கா, என்னையப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஜன்னலில் குனிந்து.

"நீயாச்சும் பேசுவ. இது பேசாது. நிம்மதி."

கூட்டத்தில் யாரோ, "ஏய், ரேஷன் கடை வண்டிடா!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. நாராயணம்மா கொண்டையை அவிழ்த்துப் பின்னி, முந்தானையை இடுப்பில் செருகி, ஆபீசர் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். ராமப்பன் பின் டயரில் கட்டை விரலை அழுத்திப் பார்த்தான். கனத்துக்குத் தகுந்த மாதிரி பின்னால் காற்று கூட்டியிருந்தான். கூரை மேல் ஒரு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான்.

அவளுக்கு முன்னால் தங்கதுரை. அவனுடையதும் ஃபியட்தான். காலி வண்டி, தடி டயர், சிவப்புப் பெயின்ட். புழுதி பறக்கக் கிளம்பி நேர்கோட்டில் அம்பு மாதிரி போனான். கூட்டம் விசிலடித்தது. கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. தங்கதுரை ஸ்டீரிங்கை ஒடித்தான். முன் சக்கரங்கள் திரும்பியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் கார் திரும்பவில்லை. பொடிமண் மேல் பலகை மாதிரி வழுக்கிக்கொண்டு நேராகப் போய் டிரம்மை முட்டி உருட்டிற்று. ரிவர்ஸ் எடுத்து, மறுபடி வளைத்து வந்து சேர்ந்தபோது அவன் முகமும் சுண்ணாம்பு பூசியிருந்த மாதிரி இருந்தது.

கொடி விழுந்தது.

நேர்கோட்டில் நாராயணம்மாவின் வண்டி முனகியது. கனம். "தள்ளி வுடட்டுமா?" என்று எவனோ கேட்டான். அவள் காதில் விழவில்லை. முதல் வளைவு. தினமும் பெண்களோடு வளைக்கிற அதே வளைப்பு. அவசரமாக ஒடிக்காமல், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, திருப்பிய பிறகு மிதித்தாள். டயர் பொடியை அறுத்துக்கொண்டு இறங்கி அடியில் இருந்த கெட்டியைப் பிடித்தது. ஸ்டீரிங் வழியாக அந்தப் பிடி உள்ளங்கைக்கு வந்தது. வந்த பிறகு அவளுக்கு ஏரியும் இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டாவது டிரம். மூன்றாவது. மூட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிர்ந்தன.

கொண்டை ஊசி வளைவு. அங்கே மட்டும் மனசு ஒரு கணம் பேராசைப்பட்டது. கொஞ்சம் அதிக வேகத்தோடு உள்ளே போய்விட்டாள். பின்பக்கம் நழுவியது. சூளகிரி இறக்கத்தில் இழுத்த அதே இழுப்பு. பிரேக்கைத் தொடாதே என்று கால் தானாகவே சொன்னது. எதிர்ப் பக்கம் திருப்பினாள். கயிறு அறுந்து முன் சீட்டு மூட்டை டேஷ்போர்டில் மோதி வாய் பிளந்தது. கார் முழுக்க ராகி. மடியில் ராகி, ஹெல்மெட்டுக்குள் ராகி. டிரம்முக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. தட்டாமல் தாண்டி, கோட்டைக் கடந்து நிறுத்தினாள்.

கப்பு பெங்களூர் மாருதிப் பையனுக்குப் போயிற்று. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. மைக்கில் வரிசையாகப் பெயர் வாசித்தார்கள். தங்கதுரையின் பெயருக்கு முன்னால் அவள் பெயர் வந்தது.

"மூட்டைக் கனம் அமுக்குனதுல டயர் பிடிச்சிருக்கு" என்றான் தங்கதுரை, யாரும் கேட்காமலே. "அந்தக் கனம் இல்லைன்னா நீங்களும் வழுக்கியிருப்பிய."

"இருக்கலாம்" என்றாள் நாராயணம்மா ஜாக்கெட்டிலிருந்து ராகியை உதறியபடி. "ஆனா எனக்குத் தெனமும் அந்தக் கனந்தான்."

ஆபீசர் வந்து கை குலுக்கினார். "வெல் டிரிவன்மா. உண்மையாவே. ஆனா பாஸ் வேனுக்குக் குடுத்தாச்சு. மாத்த முடியாது. ஐ ஆம் சாரி."

ராமப்பன் வாயைத் திறந்தான். நாராயணம்மா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரி சார்" என்றாள்.

திங்கட்கிழமை காலை. குருபரப்பள்ளி பரோட்டாக் கடை வாசலில் பனிக்குள் வேன் நின்றது. கொஞ்சம் தள்ளி ஃபியட்டும் நின்றது. தங்கதுரை இறங்கி, "வாங்க பிள்ளேளா, உள்ள பாட்டெல்லாம் இருக்கு" என்றான்.

பவளம் வேனைப் பார்த்தாள். ஃபியட்டைப் பார்த்தாள்.

"அக்கா, பாஸ் இருக்கா?"

"இல்ல."

"கேட்டுல நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்துனா நிக்கறன். திரும்ப மாட்டன். எறங்கி நடக்கச் சொன்னா நீங்க நடங்க. அரை நாள் போவும். அதான் நெசம். யோசிச்சிட்டு ஏறுங்க."

பவளம் யோசித்த மாதிரியே தெரியவில்லை. தூக்குச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன் கதவைத் திறந்தாள். மற்ற நாலு பேரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். வண்டி அமுங்கியது. எந்தச் சத்தமும் வரவில்லை.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினான். நாராயணம்மா இன்ஜினை அணைத்துச் சாவியை மடியில் போட்டுக்கொண்டாள். பெண்கள் இறங்கவில்லை. பின்னால் காலி வேன் வந்து நின்றது. அதன் பின்னால் ஸ்டாஃப் பஸ், அதன் பின்னால் கம்பி ஏற்றிய லாரி. ஹாரன் ஹைவே வரைக்கும் நீண்டது. வாட்ச்மேன் போனை எடுத்தான்.

ஆபீசர் வந்தார். வரிசையைப் பார்த்தார். காலி வேனைப் பார்த்தார். ஃபியட்டுக்குள் ஐந்து முகங்களைப் பார்த்தார். பிறகு பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டு மடிப்புக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போயிற்று. தேய்ந்து பளபளத்த தகரத்தை விரலால் ஒரு தடவை தடவினார்.

"இது நேத்து ஓட்டின டயரா?" என்றார்.

"நேத்து ஓட்டினதும் இதுதான், இன்னிக்கி ஓட்டறதும் இதுதான். நாளைக்கிம் இதோடதான் வருவன்."

ஆபீசர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். வாட்ச்மேனைப் பார்த்துத் தலையை அசைத்தார். "பாஸ் சாயங்காலம் எழுதி வாங்கிக்கோ" என்றார், யாரிடம் என்று சொல்லாமல்.

கேட் கிறீச்சென்று திறந்தது.

நாராயணம்மா சாவியைத் திருகினாள். பக்கத்தில் பவளம் நெளிந்தாள்.

"என்னடி?"

"சீட்டு பூராம் ராகிக்கா. குத்துது."

"குத்தட்டும். நிமிந்து உக்காரு."